ஏரிக்குள் ஒரு மெல்லிய ஏரி: கென்யிரில் மீன்கள் எங்கே, எப்போது?

தூண்டில் போடும் பழக்கமுள்ள மாமாவிடமோ தாத்தாவிடமோ "இந்த விடுமுறைக்குக் கென்யிர் போகலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். "இப்ப சீசன் இல்ல, மழை முடியட்டும்" என்பார். இல்லாவிட்டால் "தண்ணி இறங்கிடுச்சு, இப்பத்தான் போகணும்" என்பார். நம் நாட்டில் கோடைகாலமும் இல்லை, குளிர்காலமும் இல்லை. ஆண்டு முழுவதும் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியிருக்க, மீனுக்கு மட்டும் ஏது பருவம்?

விடை மழையிலும் தண்ணீரின் அடர்த்தியிலும் இருக்கிறது. அறிவியல் பாடத்தில் அடர்த்தி என்றால் நிறையைக் கனஅளவால் வகுப்பது என்று படித்திருப்பீர்கள். தூண்டிற்காரர்கள் அந்தச் சூத்திரத்தைச் சொல்வதில்லை. ஆனால் ஏரியில் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மலைகளுக்கு நடுவே தேங்கிய நீர்

திராங்கானு மாநிலத்தின் உலு திராங்கானு மாவட்டத்தில், கோலா பெராங் பட்டணத்திலிருந்து மேற்கே போனால் கென்யிர் அணை வரும். மின்சாரம் தயாரிப்பதற்காகக் கட்டப்பட்ட 155 மீட்டர் உயரமுள்ள அணை இது. 1985-இல் பணி முடிந்தது. சுல்தான் மஹ்முட் நீர்மின் நிலையம் இங்கேதான் இருக்கிறது; அதன் திறன் 400 மெகாவாட். அணைக்குப் பின்னால் நீர் ஏற ஏற, பள்ளத்தாக்குகள் மூழ்கின. குன்றுகளின் உச்சிகள் தீவுகளாயின. இன்று ஏறத்தாழ 340 தீவுகள் உண்டு என்பார்கள்.

ஏரியின் பரப்பு சுமார் 370 சதுர கிலோமீட்டர், அதாவது சிங்கப்பூரில் ஏறக்குறைய பாதி. சில சுற்றுலாக் கையேடுகளில் 260,000 ஹெக்டர் என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அதைச் சதுர கிலோமீட்டருக்கு மாற்றிப் பாருங்கள்: 2,600 வரும். அது ஏரியின் பரப்பு அல்ல. மழைநீர் வடிந்து ஏரிக்கு வந்து சேரும் நீர்ப்பிடிப்புப் பகுதியின் பரப்பு. அலகை மாற்றிச் சரிபார்க்கும் பழக்கம் இருந்தால் இப்படிப்பட்ட எண்களில் ஏமாற வேண்டியதில்லை.

நீர் நிரம்பியபோது காட்டு மரங்கள் பெருமளவு அப்படியே மூழ்கின. பட்டுப்போன மரங்கள் இன்றும் பல இடங்களில் தண்ணீருக்கு மேல் தலை நீட்டி நிற்பதைப் பார்க்கலாம். இந்த மரங்கள்தான் சின்ன மீன்களுக்கு மறைவிடம், பெரிய மீன்களுக்கு வேட்டைக்களம், படகோட்டிகளுக்குத் தலைவலி.

ஒரு டிகிரி செய்யும் வேலை

ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ 37 மீட்டர். ஒரு பத்து மாடிக் கட்டடத்தை உள்ளே இறக்கி வைத்தது போல. இவ்வளவு ஆழத்திலும் மீன்கள் பரவி வாழும் என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மையில் பெரும்பாலான மீன்கள் மேலே உள்ள சில மீட்டர் நீரில்தான் வாழ்கின்றன. ஏரிக்குள் இன்னொரு மெல்லிய ஏரி இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

வெயில் மேல்நீரைச் சூடாக்குகிறது. சூடான நீர் விரிவடைந்து இலேசாகிறது. குளிர்ந்த நீருக்கு மேல் மிதக்கிறது. மேலே 30 பாகை செல்சியஸ் இருக்கும்போது ஆழத்தில் அதைவிட ஒரு சில பாகைதான் குறைவாக இருக்கும். இந்தச் சிறிய வித்தியாசம் போதுமா? ஐரோப்பிய ஏரிகளில் மேல்நீருக்கும் அடிநீருக்கும் பத்து, பதினைந்து பாகை வேறுபாடு இருக்கிறதே?

இங்கேதான் தண்ணீரின் ஒரு விசித்திர குணத்தைக் கவனிக்க வேண்டும். 4 பாகையிலிருந்து 5 பாகைக்குச் சூடாகும்போது ஒரு கனமீட்டர் நீரின் நிறை சுமார் 8 கிராம்தான் குறைகிறது. 29 பாகையிலிருந்து 30 பாகைக்குச் சூடாகும்போதோ சுமார் 300 கிராம் குறைகிறது. அதாவது வெந்நாட்டு ஏரியில் ஒரு பாகை வித்தியாசம், உறைநிலைக்கு அருகில் உள்ள நீரில் ஒரு பாகை செய்வதைப் போல முப்பது மடங்குக்கும் மேல் வேலை செய்கிறது. அதனால்தான் நம் ஏரிகளில் இரண்டு மூன்று பாகை வேறுபாடே மேல்நீரையும் அடிநீரையும் கலக்கவிடாமல் பிரித்து வைக்கப் போதுமானது. குன்றுகள் காற்றைத் தடுக்கும் குறுகிய வளைவுகளில் இந்தப் பிரிவு இன்னும் உறுதியாக இருக்கும்.

கலக்காத நீரில் என்ன நடக்கும்? உயிர்வளி, அதாவது ஆக்சிஜன், தண்ணீருக்குள் இரண்டு வழியாக வருகிறது: காற்றோடு உரசும் மேற்பரப்பு வழியாக, ஒளிச்சேர்க்கை செய்யும் பாசிகள் வழியாக. இரண்டும் மேலேதான் நடக்கின்றன. கீழே விழுந்த இலைகளையும் மூழ்கிய மரங்களையும் நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அங்கிருக்கும் உயிர்வளி செலவாகிறது. மேலேயிருந்து புதிதாக வருவதற்கு வழியில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அடிநீரில் உயிர்வளி தீர்ந்துபோகிறது. பிறகு உயிர்வளி இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கி, அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. அங்கே மீன் எப்படி இருக்கும்?

மேலே இருக்கும் நீரிலும் உயிர்வளி தாராளம் என்று சொல்ல முடியாது. 30 பாகையில் ஒரு லிட்டர் நன்னீர் அதிகபட்சம் 7.5 மில்லிகிராம் அளவு உயிர்வளியைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். அதே வெப்பநிலையில் ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் இருக்கிறது! நாம் ஒரு மூச்சில் பெறுவதை ஒரு மீன் பெற வேண்டுமானால் முப்பத்தைந்து மடங்கு நீரைச் செவுள் வழியாகத் தள்ள வேண்டும்.

வீட்டில் செய்து பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிப் போத்தல்களை எடுங்கள். ஒன்றில் குளிர்ந்த நீர். மற்றொன்றில் வெதுவெதுப்பான நீரும் ஓரிரு துளி உணவுச் சாயமும். சூடான போத்தலின் வாயில் ஒரு தடித்த அட்டையை வைத்துக் கவிழ்த்து, குளிர்நீர்ப் போத்தலின் மேல் நிறுத்தி, அட்டையை மெல்ல உருவுங்கள். சாயம் மேலேயே நிற்கும். இப்போது குளிர்ந்த போத்தல் மேலே வருமாறு மாற்றிச் செய்யுங்கள். சில நொடிகளில் முழுவதும் கலந்துவிடும். (தொட்டிக்குள் வைத்துச் செய்யுங்கள், அம்மாவின் மேசைவிரிப்பின் மேல் வேண்டாம்.)

மழை வரும்போது

இனி மாதங்களுக்கு வருவோம். நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்குகிறது. கிழக்குக் கரையில் ஆண்டின் மிகக் கடும் மழை நவம்பர் முதல் ஜனவரி வரை பெய்யும். ஏரி உயர்கிறது, ஆறுகள் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வருகின்றன. வானம் நாள் கணக்கில் மூடிக் கிடப்பதால் மேல்நீர் குளிர்கிறது. மேலேயும் கீழேயும் இருந்த வெப்பநிலை வேறுபாடு சுருங்கும்போது, காற்று அடித்தால் அடுக்குகள் கலையத் தொடங்கும். உயிர்வளி குறைந்த ஆழநீர் மேலே வந்து கலக்கும்போது மீன்கள் திணறும். குளம், ஏரிகளில் கூண்டு வைத்து மீன் வளர்ப்போர் இதைத்தான் பயப்படுவார்கள். திறந்த நீரில் உள்ள மீன் வேறு இடம் தேடிப் போகும், கூண்டுக்குள் உள்ள மீனால் முடியாது.

ஆகவே பருவமழையில் "மீன் கடிக்கவில்லை" என்றால் மீன் இல்லை என்று பொருளல்ல. கலங்கிய நீரில் கண்ணால் வேட்டையாடும் மீனுக்கு இரை தெரியவில்லை. கரையோரத்துப் புல்லும் புதரும் மூழ்கியதால், மண்புழுவும் பூச்சியும் பழமும் எங்கும் கிடைக்கின்றன. மீன்கள் மூழ்கிய காட்டுக்குள் பரவிவிட்டன. தூண்டில் அங்கே எட்டாது. மீசையால் தொட்டும் சுவைத்தும் இரை தேடும் பாவுங் கெளுத்திக்கு மட்டும் கலங்கல் ஒரு தடையே இல்லை. அடியில் படியும்படி ஈயம் கட்டி, மணமுள்ள இரை போட்டு இரவில் காத்திருப்பவர்களுக்கு அது கிடைக்கும். ஆனாலும் வெள்ளம், காற்று, மிதந்து வரும் மரக்கட்டைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், இந்த மாதங்களில் வீட்டில் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

மார்ச் மாதத்துக்குப் பிறகு நீர் தெளியத் தொடங்குகிறது. மின்சாரத்துக்காக நீர் வெளியேறிக்கொண்டே இருப்பதாலும் மழை குறைவதாலும் மட்டம் மெல்ல இறங்கும். மூழ்கிய புதர்களை விட்டு மீன்கள் வெளியே வரவேண்டியதாகிறது. மாமா சொன்ன "தண்ணி இறங்கிடுச்சு" என்பதன் பொருள் இதுதான். அதே நேரத்தில் வெயில் அடுக்குகளை மீண்டும் உறுதியாக்குகிறது. மீன்கள் வாழும் பகுதி கரையோரமும் மேல்நீரும் என்று சுருங்கிவிடுவதால், எங்கே தேடுவது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

ஒரு நாளுக்குள்ளும் மாற்றம் உண்டு. காலையில் மேல்நீர் குளிர்ந்திருக்கும், வெளிச்சம் மங்கலாக இருக்கும். செபாராவ் போன்ற வேட்டை மீன்கள் கரைக்கு வந்து சின்ன மீன்களைத் துரத்தும். நண்பகலில் அதே மீன் பட்ட மரங்களின் நிழலில் சற்று ஆழத்துக்கு இறங்கி நிற்கும். பத்து மணிக்கு மேல் கரையோரத்தையே வீசிக்கொண்டிருப்பவர் கை வலிதான் மிச்சம் என்று திரும்புவார்.

இடிமழை பெய்த மறுநாள் ஆற்று முகத்துவாரத்தைப் பாருங்கள். மலையிலிருந்து வரும் ஆற்றுநீர் ஏரியின் மேல்நீரைவிடக் குளிர்ந்தது, ஆகவே கனமானது. அது ஏரிக்குள் நுழைந்ததும் மேலே பரவாமல் கீழே நழுவிவிடும். அது மூழ்கும் இடத்தில் கலங்கல் நீருக்கும் தெளிந்த நீருக்கும் இடையே கோடு போட்டாற்போல் ஓர் எல்லை தெரியும். இலை, சருகு, நுரை எல்லாம் அங்கே வந்து தேங்கி நிற்கும். அவற்றோடு அடித்துவரப்பட்ட பூச்சிகளைத் தின்னச் சின்ன மீன்கள் வரும். சின்ன மீன்களைத் தேடிச் செபாராவ் வரும். அனுபவமுள்ள படகோட்டி இந்தக் கோட்டை நோக்கித்தான் படகைத் திருப்புவார்.

வீசும் கையில் கொஞ்சம் கணிதம்

மூழ்கும் செயற்கை இரையை வீசிவிட்டு "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணுபவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? மந்திரம் அல்ல, வேக, தூரக் கணக்கு. முதலில் ஆழம் தெரிந்த நீச்சல் குளத்தில் இரையைப் போட்டு, அடியைத் தொட எத்தனை நொடி என்று பாருங்கள். 1.2 மீட்டரை 4 நொடியில் கடந்தால் வேகம் நொடிக்கு 0.3 மீட்டர். ஏரியில் 3 மீட்டர் ஆழத்தில் இழுக்க விரும்பினால் 10 வரை எண்ணிவிட்டு ரீலைச் சுற்றத் தொடங்கலாம். 10 எண்ணியபோது மீன் கடித்தது, 20 எண்ணியபோது எத்தனை முறை வீசியும் கடிக்கவில்லை என்றால், ஏரியின் அடுக்கைப் பற்றி உங்களுக்கு ஒரு தகவல் கிடைத்துவிட்டது.

இன்னொரு கணக்கு பார்வையைப் பற்றியது. நீருக்குள் இருக்கும் மீன் வெளியுலகத்தை ஒரு வட்டச் சாளரம் வழியாகத்தான் காண்கிறது. ஒளிவிலகலால், அடிவானம் முதல் உச்சிவானம் வரை எல்லாமே சுமார் 97 பாகை விரியும் ஒரு கூம்புக்குள் அடங்கிவிடுகிறது. அடிவானத்துக்கு அருகில், ஏறத்தாழ 10 பாகைக்குக் கீழே உள்ளவை அந்தச் சாளரத்தின் ஓரத்தில் நசுங்கி, மங்கித் தெரியும். படகில் நிற்கும் உங்கள் தலை நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், மீனிலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்றால் அந்த 10 பாகைக்குள் அடங்குவீர்கள்? தான் 10 பாகை 0.176. இரண்டை அதனால் வகுத்தால் 11 மீட்டருக்குச் சற்று மேல். உட்கார்ந்துகொண்டால் இன்னும் நெருங்கலாம். தெளிந்த நீர் உள்ள மாதங்களில் தூரமாக வீசுவதற்கு இதுதான் காரணம்.

இரண்டு எச்சரிக்கைகள். இன்றைய தூண்டிற்கோல்கள் பல கரிம இழையால் ஆனவை. கரிமம் மின்சாரத்தைக் கடத்தும். இடிச் சத்தம் கேட்டவுடன் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கரைக்குப் போக வேண்டும். நீர் இறங்கும் மாதங்களில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மறைந்திருக்கும் மரங்களில் படகு மோதலாம் என்பதால், உயிர்காப்பு மேலங்கியைக் கழற்றவே கூடாது.

மூச்சு வாங்க மேலே வரும் மீன்

இதுவரை சொன்னதற்கெல்லாம் ஒரு விதிவிலக்கு உண்டு. அதன் பெயர் தோமான். விரால் குடும்பத்தில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஒரு மீட்டருக்கு மேல் வளரும். செவுளுக்கு மேலே தலைக்குள் இரண்டு காற்றறைகள் இதற்கு உண்டு. சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்து, காற்றை "குபுக்" என்று விழுங்கிவிட்டு இறங்கும். உயிர்வளி குறைந்த நீரிலும் தோமான் சமாளித்துக்கொள்ளும். மற்ற மீன்கள் திணறும்போது அதற்கு அது வேட்டை நேரம். அணை கட்டியபின் ஓடும் நீர் தேங்கிய நீரானபோது, ஆற்று மீனான கெலா ஓடைகளின் மேற்பகுதிக்கு ஒதுங்கியது. தோமானோ ஏரியையே தன் வீடாக்கிக்கொண்டது.

ஆனால் இந்தப் பலமே அதன் பலவீனமும்கூட. மூச்சு வாங்க வந்தே ஆகவேண்டும். வந்தால் வட்ட அலை தெரியும். தூண்டிற்காரர் அந்த வட்டத்துக்குச் சற்று முன்னால் ரப்பர் தவளையையோ மேல்நீர் இரையையோ வீசுவார். மீன் எந்தத் திசையில் போகிறது என்று ஊகிப்பதில்தான் திறமை இருக்கிறது.

இதில் ஒரு வகை வீச்சு மட்டும் தூண்டிற்காரர்களுக்குள்ளேயே வாக்குவாதம் கிளப்புவது. தோமான் குஞ்சுகள் சிவந்த நிறத்தில் நூற்றுக்கணக்கில் பந்து போலத் திரண்டு நீந்தும். அவையும் காற்றுக்காக மேலே வருவதால், மழைத்துளி விழுவது போல நீர்ப்பரப்பு பொரியும். கீழே தாயும் தந்தையும் காவல் இருக்கும். அந்தப் பந்தின் நடுவே இரையை வீசினால் பெற்றோர் பாய்ந்து கடிக்கும். பசியால் அல்ல, குஞ்சுகளைத் தின்ன வந்த எதிரி என்று எண்ணி. அப்படி ஏமாறும் மீனைப் பிடிக்கப் பெரிய திறமை தேவையில்லை.

"தோமான் மற்ற மீன்களையெல்லாம் தின்றுவிடுகிறது, பிடித்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. இது எளிதாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. தோமான் பெரும் வேட்டை மீன்தான். ஆனால் இது வெளிநாட்டிலிருந்து வந்த மீன் அல்ல. நம் ஆறுகளுக்கே உரியது. சின்ன மீன்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பதும் அதுதான். காவல் மீனைத் தூக்கிவிட்டால், போவது ஒரு மீன் மட்டுமல்ல. பாதுகாப்பில்லாத அந்தப் பந்தைச் செபாராவும் பிற மீன்களும் சிறிது நேரத்தில் கலைத்துத் தின்றுவிடும். ஒரு வீச்சில் ஒரு தலைமுறை போகிறது. உணவுக்காக ஒரு மீன் வேண்டுமென்றால், தனியாக மூச்சு வாங்கும் மீனைத் தேடிப் பிடிக்கலாமே? குஞ்சுப் பந்தைக் கண்டால் வீசாமல் படகைத் திருப்புவதே சரி என்று நினைக்கிறேன்.

கெலாவின் கதை வேறு. அதற்குக் காற்றறை கிடையாது; குளிர்ந்த, ஓடும், உயிர்வளி நிறைந்த நீர் வேண்டும். கரையோர மரங்களிலிருந்து விழும் பழங்களையும் விரும்பித் தின்னும். அது வாழக்கூடிய இடம் ஏரியில் மிகக் குறைவு என்பதால், கென்யிரில் சுங்கை பெத்தாங் என்ற ஆற்றைக் கெலா மீன் காப்பகமாக ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே தூண்டில் போடக் கூடாது. ஆற்றில் இறங்கி நின்று தீவனம் போடலாம், மீன்கள் காலைச் சுற்றி வரும்.

வேறு இடத்தில் கெலாவோ செபாராவோ சிக்கி, அதை விட்டுவிட நினைத்தால், முதலில் கையை நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கை மீனின் மேல் உள்ள வழவழப்பான பூச்சைத் துடைத்துவிடும். அதன்பின் பூஞ்சை தொற்றும். கொக்கியின் எதிர்முள்ளை முன்னதாகவே குறட்டால் நசுக்கி வைத்திருந்தால் கழற்றுவது சுலபம். செவுள் இழைகள் நீரில் விரிந்து நிற்பவை. காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். படம் எடுப்பவர் தயாரான பிறகுதான் மீனை நீரிலிருந்து தூக்க வேண்டும்.

பயிற்சி

ஒரு குளத்தில் விடியற்காலையில் திலாப்பியா மீன்கள் வாயை மேலே நீட்டித் திணறுகின்றன, நண்பகலில் சரியாகிவிடுகின்றன. இரவில் ஒளிச்சேர்க்கை நடக்காது என்பதை வைத்து இதை விளக்குங்கள். அதே குளத்தில் உள்ள விரால் ஏன் திணறவில்லை?

உங்கள் செயற்கை இரை 1.5 மீட்டர் ஆழத்தை 6 நொடியில் கடக்கிறது. பட்ட மரத்தின் அருகே 4 மீட்டர் ஆழத்தில் செபாராவ் நிற்கிறது என்று கருதினால், ரீலைச் சுற்றும் முன் எதுவரை எண்ண வேண்டும்?